தவிட்டுக்கு வித்த பிள்ளை

தம்பி சேகருக்கு,

உன் கடுதாசி வந்து ஒன்பது நாளாச்சு. பதில் போடாம இருந்ததுக்குக் காரணம் கோவம் இல்ல, அலுப்புதான். தெனமும் ஃபேக்டரியிலருந்து வந்து குளிச்சிட்டு, பேப்பர எடுத்து வச்சு, பேனா மூடியத் தெறந்து, அப்புறம் நாளைக்குப் பாத்துக்கலாம்னு மூடிடுவேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. உங்கம்மா பிரிஞ்சாங் சந்தைக்குப் போயிருக்கா, வர மத்தியானம் ஆகும். அதுக்குள்ள எழுதி முடிச்சிடணும்னு உக்காந்திருக்கேன். எங்க ரெண்டு பேருக்கும் முட்டி வலியத் தவிர வேற கொறை இல்ல, குளிரு எப்பவும் போல. நீ அங்க நேரத்துக்குச் சாப்புடுறியோ என்னவோ. நேரா விசயத்துக்கு வர்றேன்.

நீ கேட்டது ஒரே கேள்விதான். கல்யாணப் பத்திரிகையில தாத்தா பேருன்னு எதைப் போடுறது. உனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து தாத்தா பேரு மாரிமுத்துன்னு சொல்லித்தான் வளத்தேன். இப்ப கல்யாணப் பதிவுக்குன்னு நான் அனுப்பின காகிதக் கட்டுல என் பிரஜாவுரிமைப் பத்திரமும் சேந்து வந்துடுச்சு. அதுல எனக்கு அப்பா பேரு மரியதாஸ்னு இருக்கு. இந்திராவோட அப்பா ஈப்போவுல இத்தனை வருஷமாக் கடை நடத்துறவரு, ஒரு காகிதத்த ரெண்டு தடவ படிக்காமக் கீழ வைக்க மாட்டாரு. நீங்க வேதக்காரங்களா, நடுவுல மாறினவங்களா, எதுக்கு மறைச்சீங்கன்னு உன்னை உக்கார வச்சுக் கேட்டிருக்காரு. அவரு கேட்டதுல தப்பே இல்ல. பொண்ணக் குடுக்கிறவரு கேக்காம வேற யாரு கேப்பா. ‘அப்பா, நான் யாரு பேரன்னு எனக்கே சொல்லத் தெரியல, அவங்க எப்படிப் பொண்ணு குடுப்பாங்க’ன்னு எழுதியிருக்கியே, அந்த வரிய மட்டும் உங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டல.

அந்தப் பத்திரத்தக் கட்டுக்குள்ள தெரியாம வச்சேனா, தெரிஞ்சேதான் வச்சேனான்னு ஒன்பது நாளா யோசிக்கிறேன், எனக்கே பிடிபடல. பதினாலு வருஷமா அத ஒரு பிஸ்கட் டின்னுல போட்டு, டின்ன அரிசிப் பீப்பாய்க்குப் பின்னாடி தள்ளி வச்சிருந்தேன். மறைச்சு மறைச்சு அலுத்துப்போச்சுலா. அதனால முழுசையும் எழுதுறேன். நீ படிச்சிட்டு இத இந்திராவோட அப்பாகிட்டக் குடு. அவங்க வீட்டுல எல்லாரும் படிச்சாலும் சரி. உறைய ஒட்டாமத்தான் அனுப்பப் போறேன்.

என் முட்டாள்தனத்துலருந்து ஆரம்பிக்கிறேன். மெர்டேக்கா, அதான் சொதந்திரம் வந்த சமயத்துல சங்கத்துக்காரங்க லயம் லயமா, ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் வந்து, பாரத்த நெரப்பிக் குடுங்க, பிரஜை இல்லாதவங்க வச்சிருக்கிற சிவப்பு ஐசி அட்டைய மாத்தி, பிரஜைக்குக் குடுக்கிற நீல ஐசி வாங்கிக்குங்கன்னு தொண்டை கட்டக் கத்திட்டுப் போனாங்க. தானா ராத்தா ஆபீசுக்குப் போக லோரிகூட வந்து நின்னுச்சு. அன்னைக்கு ஃபேக்டரியில தேயிலைக் கொழுந்து குமிஞ்சு கெடந்துச்சு, வாட்டுற மாடியில ஆள் பத்தல, இன்னொரு லோரி வராமயா போயிடும்னு நான் போகல. வேலை மேல அவ்வளவு அக்கறைன்னு நெனச்சுடாத. நான் இங்கயே பொறந்தவன், என்னை எவன் என்ன கேக்கப் போறான்னு ஒரு மெதப்பு. நீயும் இந்திராவும் நாளைக்குக் குடும்பம் நடத்தப் போறீங்க. சர்க்கார் ஒரு காகிதத்தக் கையில குடுக்கிறேன்னு சொன்னா அன்னைக்கே போயி வாங்கிடுங்க. நான் பட்டதெல்லாம் அந்த ஒரு நாள் சோம்பேறித்தனத்துலருந்து வந்ததுதான்.

அறுபத்தொன்பது கலவரத்துக்கு அப்புறம் சட்டம் மாறிச்சு. சிவப்பு ஐசிக்காரங்க வேலை செய்ய பெர்மிட் வாங்கணும்னு வந்துடுச்சு. ஒரு நாள் விடியக்காலைப் பெரட்டுல, வேலைக்குப் பேரு கூப்புடுற எடத்துல, தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி சிவப்பு ஐசிக்காரங்க பேர மட்டும் தனியாப் படிச்சாரு. என் பேரு, எங்கம்மா அஞ்சலை பேரு, அது தம்பி நடேசன் மாமா பேரு, இன்னும் பாதி லயத்துப் பேரு. பெர்மிட் கெடைக்கும், கெடைக்காமயும் போகும், கெடைச்சாலும் எத்தனை வருஷத்துக்குன்னு சொல்ல முடியாதுன்னாரு. கெடைக்காதவங்க என்ன செய்யிறதுன்னு ஒருத்தர் கேட்டாரு. கிராணி புஸ்தகத்த மூடி வச்சாரு. பினாங்கு போயி இந்தியாவுக்குக் கப்பல் ஏறுறதத் தவிர வேற வழி இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். உனக்கு அப்பப் பத்து வயசு. நான் கப்பல் ஏறினா நீயும் ஏறணும், படிப்ப விட்டுட்டு, பாத்தே இராத ஊருக்கு. கிராணி என்னைத் தனியாக் கூப்புட்டு, ‘நீ இங்க பொறந்தவன்தான, அதுக்கு அத்தாட்சி கொண்டா, நீல ஐசிக்கு எழுதிப் போடலாம்’னாரு. வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட, என் சூராட் பெரானாக், அதான் பொறந்த பத்திரம், எங்க வச்சிருக்கன்னு கேட்டேன். அடுப்புல வெறக தள்ளிக்கிட்டே காது கேக்காத மாதிரி இருந்துச்சு. அம்மாவுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்.

சரி, நானே தேடிக்கிறேன்னு கெளம்பினேன். ஆபீசுக்குப் பின்னாடி ஸ்டோர்ல பழைய செக்ரோல் புஸ்தகமெல்லாம் கட்டுக் கட்டாக் கெடந்துச்சு. தெனமும் யாரு வேலைக்கு வந்தா, யாரு வரலன்னு குறிக்கிற புஸ்தகம். வேலை முடிஞ்சு ஒரு வாரம் அங்க உக்காந்து தூசி தின்னேன். இந்த மலையில காடு வெட்டின வருஷத்துப் புஸ்தகத்துல உன் தாத்தா மாரிமுத்து இருந்தாரு. அவருக்குக் கீழ அஞ்சலை. அவரு பேருக்கு நேரா ஒரு நாள்கூட விடாம கோடு கோடா இழுத்திருக்கு, காய்ச்சல் வந்த ஒரு வாரத்தத் தவிர. அப்பா செத்தப்ப எனக்குப் பதினெட்டு வயசு, அதுக்கு முன்னாடி அவரோட உக்காந்து அதிகம் பேசினதும் இல்ல. அந்தக் கோட்டுலதான் அந்த மனுசன் எப்படி ஒழைச்சாருன்னு பாத்தேன். அம்மா பேருக்கு நேரா மூணு எடத்துல கோடு இல்லாம வெறுமையா இருந்துச்சு, ஒவ்வொண்ணும் ஒரு மாசம், நாப்பது நாளு. பொம்பளை ஆளு ஒரு மாசம் வேலைக்கு வரலன்னா என்ன அர்த்தம்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. பொறப்பு எழுதுற புஸ்தகத்த எடுத்துப் பாத்தேன். மொத வெறுமைக்கு ஒரு ஆம்பளப் பிள்ளை எழுதியிருக்கு. ரெண்டாவதுக்கு ஒரு பொம்பளப் பிள்ளை. மூணாவதுக்கு ஒண்ணும் இல்ல. அந்த மூணாவது நான்.

கீழ தாப்பாவுக்கு எறங்கிப் போயி, பொறப்பு எறப்புப் பதியிற ஆபீசுலயும் கேட்டேன். அந்த ரெண்டு பிள்ளைங்களும் அங்க இருந்தாங்க. பையன் பொறந்தது ஒரு பக்கம், ரெண்டு மாசத்துல செத்தது இன்னொரு பக்கம். தங்கச்சின்னு சொல்லலாமா, அக்காதான், அது பத்தொன்பது நாளு இருந்திருக்கு. எனக்கு முன்னாடி ரெண்டு பேரு பொறந்தாங்கன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். செத்துப்போன ரெண்டு பேரு காகிதத்துல இருக்காங்க, உசுரோட நிக்கிற நான் இல்ல. 

வீட்டுக்கு வந்து அந்த ரெண்டு பேரையும் சொன்னேன். அதுக்கப்புறம் அம்மாவால காது கேக்காத மாதிரி இருக்க முடியல. ‘அதுங்க பேர எதுக்குடா சொல்லுற’ன்னு அழுதுச்சு. பெறகு சொல்லுச்சு. ‘ரெண்டையும் உங்கப்பா ஆபீசுக்குப் போயி எழுதிப்போட்டுட்டு வந்தாரு. எழுதின பிள்ளை ரெண்டும் தங்கல. நீ பொறந்தப்ப, இத எழுதக் கூடாது, எழுதினா எமனுக்கு அட்ரஸ் குடுத்த மாதிரின்னு சொல்லிட்டாரு. ஒன்னைக் குப்பைமேட்டுல போட்டு எடுத்துக் குப்பன்னு பேரு வச்சோம். தவிட்டுக்கு வித்தோம்.’ உனக்கு இது புதுசா இருக்கும். பொறக்கிற பிள்ளையெல்லாம் சாகுற வீட்டுல அடுத்த பிள்ளைய ஒரு மொறம் தவிட்டுக்கு வேற பொம்பளைக்கு வித்துடுவாங்க. இது எங்க பிள்ளை இல்ல, ஒனக்கு இங்க வேலை இல்லன்னு எமன ஏமாத்துறதுக்கு. வாங்கினவ ஒரு பேச்சுக்கு அம்மா, வளக்கிறது பெத்தவதான். தோட்டத்துல தவிடு யாரு வீட்டுல இருக்கும்? கோழி வளத்த டிரசர் வீட்டுலதான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மரியதாஸ், அவரு பொஞ்சாதி ஞானம்மா. வேதக்காரங்க. பிள்ளை இல்ல. ‘அந்தம்மா மொறத்துல தவிட அள்ளிக் குடுத்துட்டு ஒன்னை வாங்கி முந்தானையில சுத்திக்கிச்சு’ன்னு அம்மா சொல்லுச்சு. ‘ஒங்க சாமிதான் கண்ண மூடிக்கிச்சு, எங்க மாதாகிட்ட ஒரு தடவ வேண்டிக்கிட்டு வர்றேன், குடுன்னு கேட்டுச்சு. டிரசர் மருந்து வாங்கக் கீழ போன அன்னைக்கு ஒன்னையும் தூக்கிட்டுப் போச்சு. சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடுச்சு.’

வேண்டிக்கிட்டு மட்டுமா வந்திருப்பாங்கன்னு ஒரு சந்தேகம் தட்டுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை கீழ இருக்கிற அந்த மாதா கோயிலுக்குப் போனேன். வயசான தமிழ்ச் சாமியார். வருஷத்தையும் தோட்டத்தையும் சொன்னேன். ஞானஸ்நானம் எழுதுற புஸ்தகத்த எடுத்தாரு, பெரிய புஸ்தகம், எல்லாம் லத்தீன் பாசையில. வெரல வச்சு ஒவ்வொரு வரியா எறங்கிக்கிட்டே வந்து ஒரு எடத்துல நின்னாரு. தமிழ்ல சொன்னாரு. சூசை என்கிற குப்பன். பொறந்தது இன்ன தோட்டம், இன்ன தேதி. தகப்பன் மரியதாஸ். தாய் ஞானம்மா. நான் பொறந்த தேதியே எனக்கு அந்த நாக்காலியில உக்காந்துதான் தெரியும். ‘சாமி, நான் இவங்களுக்குப் பொறந்தவன் இல்ல’ன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. அப்புறம் முன்னாடியும் பின்னாடியும் பொரட்டிப் பாத்தாரு. அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது அதுக்குப் பன்னெண்டு வருஷம் முன்னாடி. நடுவுல அவங்க பேருல வேற பிள்ளை எதுவும் இல்ல, பின்னாடியும் இல்ல. ஜப்பான்காரன் காலத்துப் புஸ்தகத்துல அந்தம்மாவ அடக்கம் பண்ணது எழுதியிருந்துச்சு. டிரசரக் கீழ ஒரு தோட்டத்துக்கு மாத்தினாங்கன்னு அம்மா சொல்லியிருந்துச்சு, அங்க காய்ச்சல்ல போயிருக்காங்க. ஓரத்துல ஒரு வரி. ஒரு மகன், மேல மலையில இருக்கிறான்னு. யாரு சொல்லி எழுதினதுன்னு கேட்டேன். ‘சாகுறவங்ககிட்டத்தான் கேட்டு எழுதுவோம்’னாரு. புஸ்தகத்துல உள்ளத உள்ளபடி ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. நான் அன்னைக்கு அந்தம்மாவ நெனச்சு வருத்தப்பட்டேன்னு சொன்னாப் பொய்யி. அத்தாட்சி கெடைச்சிடுச்சுன்னு சந்தோசமா மலை ஏறினேன்.

சந்தோசம் ஒரு வாரந்தான். பிரஜாவுரிமை ஆபீசுல இருந்த ஆபீசர் நல்ல மனுசன், கத்தவே இல்ல. பக்கத்துல தமிழ் கிராணி ஒருத்தர் மொழிபெயர்த்தாரு. உன் சிவப்பு ஐசியில அப்பா மாரிமுத்து, இந்தக் கோயில் காகிதத்துல மரியதாஸ், இதுல யாருன்னு கேட்டாங்க. நான் தவிட்டுக் கதைய ஆரம்பத்துலருந்து சொன்னேன். ஆபீசர் பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாரு. இந்தப் புஸ்தகத்துல இருக்கிற பிள்ளை நீதான்னா உன் அப்பா மரியதாஸ். மாரிமுத்துதான் அப்பான்னா இந்தப் புஸ்தகத்துல இருக்கிறது வேற யாரோ, உனக்கு உதவாது. ரெண்டுல ஒண்ணு சொல்லு. மரியதாஸ்னு சொன்னா, உன்னை வளத்தவங்களக் கூட்டிட்டு வந்து சத்தியம் பண்ணச் சொல்லு. அவரு சொன்னதும் ஞாயந்தான். நான் இந்த மண்ணுல பொறந்தது நெசம். அந்த நெசத்த நிரூபிக்க ஒரே வழி, பெத்தவங்கள மாத்திச் சொல்லுறதுதான்.

இங்கருந்து நான் எழுதுறது என் பாவம். தம்பி, நான் அம்மாகிட்டக் கேட்டேன். வாய்கூசாமக் கேட்டேன். அம்மா ஒரு நிமிசங்கூட யோசிக்கல. ‘அதுக்கென்னடா, சொல்லிட்டாப் போச்சு. ஒரு தடவ எமன்கிட்டச் சொன்னோம், இப்ப ஆபீசர்கிட்டச் சொல்லணும், அவ்வளவுதான’ன்னுச்சு. கீழ போற லோரியில நானே பக்கத்துல உக்காந்து பாடம் சொல்லிக் குடுத்தேன். இவரு என் மகன் இல்லீங்க, டிரசர் வீட்டம்மா பிள்ளை, அவங்க மாத்தலாகிப் போறப்ப எங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க, நாங்க வளத்தோம். வளைவுக்கு வளைவு சொல்லிப் பாத்துச்சு. பாதி தடவ வாய் தவறி ‘எம்மவன் இருக்கானே’ன்னு ஆரம்பிச்சிடும். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ நான் எரிஞ்சு விழுந்தேன். ‘ஒனக்கு எத்தனை தடவ சொல்லுறது, காரியத்தக் கெடுத்துடாத’ன்னு. லோரிக்காரரு திரும்பிப் பாத்தாரு. அதுக்கப்புறம் அம்மா தப்பே பண்ணல.

அந்த மேசைக்கு முன்னாடி எங்கம்மா கையக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. தமிழ் கிராணி கேட்டாரு, இவரு உங்க மகனா. ‘இல்லீங்க. வளத்த பிள்ளை.’ பெத்தது யாரு. ‘டிரசர் வீட்டம்மா ஞானம்மா.’ உங்களுக்குச் சொந்தப் பிள்ளை இருக்கா. இந்தக் கேள்விய நான் சொல்லிக் குடுக்கல. அம்மா தானா, ‘ரெண்டு பொறந்துச்சு, தங்கல’ன்னுச்சு. அது ஒண்ணுதான் அன்னைக்கு அந்த ரூம்புல சொன்ன நெசம். கட்டைவெரல் ரேகை வாங்கிக்கிட்டாங்க. வெளியில வந்து மைய முந்தானையில தொடைச்சிக்கிட்டே, ‘சரியாச் சொன்னேனா’ன்னு என்னைக் கேட்டுச்சு. சரியாத்தான் சொன்னன்னேன். ஒனக்கு வடை வாங்கணும்னு கடையத் தேடிக்கிட்டுப் போச்சு.

எனக்கு நீல ஐசி வந்துச்சு. அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. எனக்குப் பயம் பிடிச்சிடுச்சு. எவனாவது மொட்டக் கடுதாசி போட்டுட்டா என்ன ஆகும்னு பயம். உனக்கு ஞாபகம் இருக்கும், அந்தச் சமயத்துல உன்னைக் கூப்புட்டு, எங்கம்மாவ வெளியில அப்பாயின்னு கூப்புடாத, ஆயான்னு கூப்புடுன்னு சொன்னேன். பிள்ளை பாத்துக்கிற கொட்டகையில இருக்கிற ஆயாவ எல்லாப் பிள்ளைங்களும் கூப்புடுற மாதிரி. நீ ஏன்னு கேட்டதுக்கு ஒரு அறை விட்டேன். உங்கம்மா என்கூட ரெண்டு நாள் பேசல. இந்திராகிட்ட ஒண்ணு சொல்லிக்கிறேன், நீ பொய் சொல்லி மாட்டிக்கிட்டா உன் வீட்டுக்காரர மட்டும் இல்ல, பிள்ளைங்களையும் சேத்து அதுல எறக்க வேண்டியிருக்கும். என் பத்து வயசுப் பிள்ளைய நான் எறக்கினேன்.

லயத்துல ஒரு நாள் தண்ணிக் குழாய்ச் சண்டையில பக்கத்து வீட்டுப் பொம்பளை உங்கம்மாவப் பாத்துச் சொல்லிடுச்சு, பெத்தவள இல்லன்னு சொல்லி ஐசி வாங்கின குடும்பந்தான நீங்கன்னு. ஆத்திரத்துல சொன்னது, அந்தம்மா மறுநாளே மறந்திருக்கும். நான் மறக்கல. அதே மாசம் நடேசன் மாமாவுக்கு பெர்மிட் கெடைக்கல. குடும்பத்தோட ஊருக்குப் போறதுன்னு முடிவாச்சு. அம்மாவுக்கு பெர்மிட் இருந்துச்சு, இல்லன்னாலும் என் சோத்தத் தின்னுட்டு வீட்டுல இருந்திருக்கலாம். ஒரு சாயங்காலம் நான்தான் சொன்னேன். ‘மாமாகூடக் கொஞ்ச நாள் போயி இருந்துட்டு வாயேம்மா’ன்னு. சிவப்பு ஐசிக்காரங்க போனாத் திரும்பி வர்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரி பேசிக்கிட்டோம். ‘ஆமாமா, நானும் ஊரப் பாத்து நாளாச்சு’ன்னுச்சு. பன்னெண்டு வயசுல கங்காணிகூட வந்த பொம்பளை, அங்க அதுக்கு யாரு இருக்கா.

பினாங்குக்கு நான் போகல. லீவு இல்லன்னு சொன்னேன். லீவு இருந்துச்சு. லயத்து முன்னாடி லோரியில மூட்டையோட ஏறி உக்காந்து, உன் கையப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் நிக்கிறப்பவே, ‘ஆயா போயிட்டு வர்றேன் சாமி’ன்னு சொல்லுச்சு. நான் சொல்லிக் குடுத்ததக் கடைசி வரைக்கும் பத்திரமா வச்சிருந்துச்சு. நீ அப்பாயின்னு கத்தி அழுத. உன் வாயப் பொத்தினது நான்தான். அந்தக் கைதான் இது எழுதுது.

நாலு வருஷம் மாமா கடுதாசி போட்டாரு. அம்மா நல்லா இருக்கு, உன்னைக் கேட்டுச்சு, பேரனக் கேட்டுச்சுன்னு. வரணும்னு ஒரு தடவகூட எழுதச் சொல்லல. அஞ்சாவது வருஷம் செத்துடுச்சுன்னு கடுதாசி வந்தப்ப எரிச்சு இருவது நாளாயிருந்துச்சு. உன்கிட்ட ஊர்ல பாட்டி எறந்துட்டாங்கன்னு மட்டும் சொன்னேன். அதுக்கப்புறம் எனக்கு ஒரு வெறி. கோயில் புஸ்தகத்துல ஞானம்மாவத் தேடிக் கண்டுபிடிச்ச மாதிரி, என் அம்மாவுக்கு ஒரு காகிதமாவது என் கையில இருக்கணும்னு. அந்த ஊரு ஆபீசுக்கு எழுதினேன், பதில் இல்ல. மறுபடி எழுதினேன். மாமா நடையா நடந்து போன வருஷந்தான் எறப்புப் பத்திரத்தோட நகல வாங்கி அனுப்பினாரு. அஞ்சலை, கைம்பெண், வயசு சுமாரா. வாரிசுன்னு ஒரு கட்டம். அதுல ‘இல்லை’ன்னு எழுதியிருந்துச்சு. மாமா கூட ஒரு துண்டுக் காகிதம் வச்சிருந்தாரு. ‘மாப்ளே, என்னைக் கோவிச்சுக்காதீங்க. உசுரோட இருக்கிறப்பவே அக்கா ஊரு ஆபீசுல அப்படித்தான் சொல்லி வச்சிருந்துச்சு. மலாயாவுல மகன் இருக்கான்னு எழுதினா அங்க அவனுக்கு எதாவது ஆயிடும்னு பயம். செத்த பெறகும் அப்படியே எழுதணும்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிச்சு.’

ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். பிள்ளையே இல்லாத ஒருத்தி ஒரு மகன்னு எழுத வச்சுட்டுச் செத்தா. பெத்தவ இல்லைன்னு எழுத வச்சுட்டுச் செத்தா. ரெண்டு பேரும் என்னைப் பத்தித்தான் எழுத வச்சிருக்காங்க. ஞானம்மா மேல எனக்கு வருத்தம் இல்ல. அந்தப் பொய்யால யாரும் கெட்டுப்போகல, அந்த ஒரு வரியால நீயும் நானும் இந்த ஊர்ல இருக்கோம். வருஷத்துக்கு ஒரு தடவ அந்தக் கல்லறைக்கு மெழுகுவத்தி வாங்கிட்டுப் போறேன், உங்கம்மாவுக்குத் தெரியும். ஆனா என் அம்மாவுக்கு நான் எதுவும் வாங்கிட்டுப் போக முடியல. சாம்பலக்கூட ஆத்துல விட்டாச்சு.

இந்திராவோட அப்பாவுக்கு: அய்யா, நாங்க மாறினவங்களும் இல்ல, சாதி மறைச்சவங்களும் இல்ல. மறைச்சது ஒரு பொம்பளைய. அதச் செஞ்சது நான். சேகருக்கு ஒண்ணும் தெரியாது, அவன் அப்பப் பத்து வயசுப் பிள்ளை. இதப் படிச்சிட்டும் பொண்ணு குடுக்க மனசு இருந்தாக் குடுங்க. இல்லன்னாலும் எங்க மேல கோவம் எதுவும் வேண்டாம்.

தம்பி, பிரிண்டருக்கு நீ குடுக்க வேண்டியது இதுதான். காலஞ்சென்ற மாரிமுத்து, அஞ்சலை தம்பதியரின் பேரன். தாத்தா பேரு மட்டும் போதும், எடம் இல்லன்னு பிரிண்டர் சொன்னா என் பேர எடுத்துட்டு அஞ்சலையப் போடச் சொல்லு. இதனால என் ஐசிக்கு எதாவது ஆகுமான்னு உங்கம்மா கேப்பா. எனக்குத் தெரியாது. போனாப் போகுதுன்னு வீராப்பா எழுத மாட்டேன், இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு அந்த மேசைக்கு முன்னாடி எல்லாக் கேள்வியும் அம்மாவத்தான் கேட்டாங்க. பக்கத்துல நின்ன என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நானும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன், அது எனக்கு நல்லாத் தெரியும். இனிமே எவன் வந்து கேட்டாலும், என்னைப் பெத்தவ அஞ்சலை.

அப்பா